நொய்யலுக்கு மதிப்பெண் இல்லை

பத்தாம் வகுப்புப் பாடத்தை நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டோம். அப்படியானால் ஒன்பதாம் வகுப்புப் பாடம் என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். அதற்கு அரசுத் தேர்வு கிடையாது, அதனால் அப்படி ஒரு பாடமும் எங்கள் பள்ளியில் கிடையாது. இன்றுவரை எனக்கு அந்த ஒரு வருடத்து அறிவியல் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் எங்கள் பெண்கள் பள்ளியின் வாசலில் ஒரு பலகை உண்டு. எந்தெந்த வருடம் நூறு சதவிகிதத் தேர்ச்சி என்று அதில் பெயிண்டால் எழுதியிருக்கும். தலைமையாசிரியை காலையில் வந்ததும் முதலில் பலகையைப் பார்ப்பார், பிறகுதான் எங்களை. வகுப்பில் யாராவது எழுந்து ஏன், எதற்கு என்று கேட்டால் எல்லா டீச்சர்களிடமும் ஒரே பதில்தான் இருந்தது. "பப்ளிக்ல வராது, உக்காரு கண்ணு."

அறிவியல் டீச்சர் கெட்டவர் அல்ல. நோட்ஸைப் பார்த்து நிறுத்தி நிதானமாக, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி எழுதவைப்பார். நாங்கள் அதை அப்படியே ஒப்பிக்க வேண்டும். கேள்வியை முழுக்கப் படிப்பதுகூட நேர விரயம் என்பது அவர் கொள்கை. "மொத ரெண்டு வார்த்தையப் பாத்தவுடனே கை தானா எழுதோணும்" என்பார். எங்கள் கைகள் தானாகவே எழுதின. தலைக்கு அந்த வருடம் முழுக்க விடுமுறை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் இந்த வித்தை பிடிபடவில்லை. மனப்பாடம் வராது. கண்ணால் கண்டதை, தனக்குப் புரிந்ததைத்தான் எழுத வரும். இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு அவள் பத்தாம் வகுப்புவரை வந்ததே பெரிய விஷயம். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். பாஸ் ஆனால் பிளஸ் ஒன், தவறினால் அம்மாவோடு கம்பெனிக்கு என்பது அவர்கள் வீட்டில் முடிவான ஒப்பந்தம்.

அரையாண்டுத் தேர்வில் நீர் மாசுபடுதலை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. நோட்ஸில் இருந்த எடுத்துக்காட்டு கங்கை. ஈரோட்டைத் தாண்டாத நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து, கமா பிசகாமல், கங்கையை அழுக்காக்கினோம். பள்ளிக்குப் பின்னால்தான் நொய்யல். சாயப்பட்டறைகளில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாங்கள் கங்கையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது அது கத்தரிப்பூ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் டீச்சர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

அவள் நொய்யலை எழுதினாள். ஆற்றோரம் இருக்கும் தன் வீட்டுக் கிணற்றை எழுதினாள். அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணியைத் துவைத்தால் ரோஸ் நிறமாகிவிடுகிறது, மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, ஆகவே சாயம் நிலத்தடி நீர்வரை இறங்கிவிட்டது என்று முடித்திருந்தாள். டீச்சர் அதன்மேல் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார். அந்த மதிப்பெண் போனதில் அவள் அறிவியலில் ஃபெயில்.

பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் டீச்சரிடம் போனாள். நானும் கூடவே போனேன்.

"நான் எழுதினது தப்புங்களா டீச்சர்?"

"தப்பில்லடா கண்ணு. ஆனா ஆன்சர் கீயில இல்லியே."

"எங்க கெணத்துல இருக்குதுங்க டீச்சர்."

"கெணறா வந்து பப்ளிக் பேப்பர் திருத்தப் போவுது?"

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அரையாண்டில் தவறியவர்களைப் பள்ளியின் பெயரில் தேர்வெழுத விடுவது எங்கள் வழக்கமில்லை. பெற்றோரை வரவழைத்து, சொந்த விருப்பத்தில் டி.சி. வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். "ஏனுங்கம்மா, உங்க புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. பிரைவேட்டா எழுதட்டுமுங்க. ஸ்கூல் பேருன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் தலைமையாசிரியை. அவள் அம்மா "சரீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் என்னிடம் சொன்னாள்: "பனியன் பீஸ்ல ஓட்டை இருந்தா செகண்ட்ஸ்னு ஒதுக்கி, லேபிள வெட்டிட்டுத்தான் காதர்பேட்டைச் சந்தைக்கு அனுப்புவாங்க. கம்பெனி பேரு கெட்டறக் கூடாதல்லோ. எங்கம்மா தெனமும் பாக்கற வேலைதான் புள்ள. இன்னிக்கு என்னைய ஒதுக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருக்குது."

அந்த வருடமும் பள்ளி நூறு சதவிகிதம். பலகையில் புது வரி எழுதினார்கள், எங்களுக்கு லட்டு கொடுத்தார்கள். என் லட்டு தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் கதைவிட மாட்டேன். நன்றாகவே இறங்கியது.

அவள் கம்பெனிக்குப் போய்க்கொண்டே செப்டம்பரில் தனியாகத் தேர்வெழுதித் தேறினாள். அடுத்த ஜூனில் பல்லடம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்சர் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நர்ஸாகி இந்த டீச்சருக்கே ஊசி போடு என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், செப்டம்பர் பேப்பரில் தண்ணீர்க் கேள்வி வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு. கங்கைதான் எழுதுனேன். ஒரு எழுத்து மாறல."

"உங்க கெணறு?"

"மூடியாச்சு. இப்ப லாரித் தண்ணிதான்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் மிக்சரை அள்ளித் தின்றேன். அவளோ முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். புதுப் பள்ளியில் கெமிஸ்ட்ரி கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"முன்ன மாதிரி இல்ல புள்ள" என்றாள் பெருமையாக. "இப்பெல்லாம் ஏன், எதுக்குன்னு கேக்கவே எனக்குத் தோணறதில்ல. நல்லாப் படிப்பு வருதுன்னு டீச்சரே சொல்றாங்க."