இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தால் உத்தரவு தெரிந்துவிடும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். நான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்தேன். என் ஆயுளில் நான் செய்த திருட்டுத்தனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்றுதான் இன்னும் என்னை விடவில்லை.

பூக்கட்டியது என் தங்கைக்காக. அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயது. செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் அப்பா விடிவதற்கு முன்பே கழனிக்குப் போய்விடுவார். அடுப்பு என் கைக்கு வந்தது, கூடவே அவளும் வந்தாள். அழுதால் சோறு போட்டேன். காய்ச்சல் விட்டால் சோறு போட்டேன். பரீட்சையில் தேறினாலும் சோறு, கோட்டை விட்டாலும் சோறு. ஒரு பிள்ளையை ஆறுதல்படுத்த வேறு வழி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி, கணவரின் அணுமின் நிலைய வேலையால் தொண்ணூறுகளில் அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அவளையும் அழைத்துக்கொண்டு வந்தேன். எனக்குச் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அவள் அங்கேயே கல்லூரியில் படித்தாள். பிறகு சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, கூடுவாஞ்சேரியில் இரண்டு தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கினாள். வேலையில் படு கெட்டி. ஆனால் கம்பெனி வேனில் அவளுக்கு எப்போதும் டிரைவர் பக்கத்து சீட்டுதான். மரியாதைக்காக என்று டிரைவர் சொல்வார். பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார யாருக்கும் இடம் போதவில்லை என்பதுதான் உண்மை, அது அவளுக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எனுக்கு நின்னாதான்க்கா வசதி" என்பாள். பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. "வாயக் கட்டு, எல்லாம் தானா எளைக்கும்" என்று, வாராவாரம் அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாலு தடவை சொன்னேன். சொல்லிக்கொண்டே அவள் தட்டில் நாலாவது தோசையைப் போட்டேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று மாதக்கணக்கில் கொள்ளு ரசம் வைத்தேன். ரசம் நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு கரண்டி சோறு இறங்கியது. அவளும் நடந்தாள், வெந்நீரில் தேன் கலந்து குடித்தாள், ஒரு வேளை பட்டினி கிடந்தாள். ஐந்து கிலோ குறையும், ஏழு கிலோ ஏறும். முப்பது வயதுக்குள் சர்க்கரை வந்தது, ரத்தக்கொதிப்பு வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கூட இருந்த பெண்கள் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் எண்ணம் அவளுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். சுனாமி வந்த நாலைந்து நாளில், எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் புளிசாதம் கிளறி மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்து ஜனங்களுக்குக் கொண்டுபோனோம். அவளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சாதம் கொடுத்து முடித்து நாங்கள் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான். "தண்ணி திரும்பி வருதாம். ஓடுங்க."

தெருவே எழுந்து ஓடியது. ஸ்கூட்டர், ஆடு, கைக்குழந்தை, கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்திருந்த ஒரு ஆள், எல்லாமே மேற்கே. நானும் ஓடினேன். அவள் இருபது அடி ஓடியிருப்பாள். ஒரு சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போக்கா. என்னால முடியல. நான் இங்கியே ஒக்காந்துகினு கீறேன்" என்றாள்.

நான் போனேன். இதை மழுப்பிச் சொல்லிப் பயனில்லை. தென்னந்தோப்பு திரும்பும் இடம் வரைக்கும் ஓடினேன். அங்கே நின்று மூச்சு வாங்கியபோதுதான் என் கையைப் பார்த்தேன். காலி அன்னக்கூடை இருந்தது. பாத்திரத்தை விடாமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், தங்கையை விட்டுவிட்டு.

தண்ணீர் வரவில்லை. புரளி. நான் திரும்பி வந்தபோது அவள் அதே கட்டையில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன ஒரு ஆட்டுக்குட்டியைப் பிடித்து வைத்திருந்தாள். என் கையில் இருந்த அன்னக்கூடையைப் பார்த்தாள். இரண்டு வாரம் கழித்துச் சென்னையில் ஒரு டாக்டரிடம் நாள் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். இரைப்பையைச் சின்னதாக்குகிற அறுவை. நானும் கூடப் போனேன்.

அந்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான், ஆனால் உள்ளே நடப்பது பெரிய வேலை என்றார். ரத்தம் கசியலாம், தையல் விடலாம், அபூர்வமாக உயிருக்கே ஆபத்து வரலாம். ஆயுசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், சத்து மாத்திரை போட வேண்டும், முடி கொட்டலாம், வாயைக் கட்டாவிட்டால் எடை திரும்பவும் ஏறலாம். பிறகு இன்னொன்றும் சொன்னார். இப்படியே விட்டாலும் ஆபத்து இருக்கிறது, அது மெதுவாக வருவதால் நமக்குக் கண்ணில் படுவதில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். அவள் இரண்டையும் கேட்டாள். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்லா இருக்கிற வயிற்றை யாராவது வெட்டுவார்களா? ஸ்பூனில் அளந்து சாப்பிடுவதும் ஒரு பிழைப்பா? ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? அலுவலகத்தில் ஒருத்தி, தனக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்குத் தெரிந்த யாரோ மேசையிலேயே போய்விட்டதாகச் சொன்னாள். அதைப் போய் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன்.

"வேணாம்டி. எனக்கு பயமா கீது" என்றேன் அவளிடம்.

"உனுக்கு கர்ப்பப்பைய எடுத்தாங்களே, அப்ப பயமா இல்லியா?"

இல்லைதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, முப்பத்தெட்டு வயதில், உதிரப்போக்கு நிற்கவில்லை என்று எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அலுவலகத்தில் பாதிப் பேர் எடுத்திருந்தோம். எடுத்துடு, விட்டது தொல்லை என்று டிபன் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடிவு செய்த விஷயம் அது. என்னென்ன ஆகலாம் என்று நான் ஒரு டாக்டரிடமும் கேட்கவில்லை. அப்போது பத்து நாள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் இவள்தான்.

"அது நோவுடி. இது..." என்று இழுத்தேன்.

"இது என் தப்பு. அதானே?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் மனசுக்குள் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வாயைக் கட்டிக் கஷ்டப்படும்போது இவளுக்கு மட்டும் என்ன குறுக்கு வழி என்று ஒரு எரிச்சல். அதற்கும் அடியில், அவள் இரண்டு ஸ்பூனோடு கையைக் கழுவிவிட்டால் எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று ஒரு அற்பமான கவலை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பயம் என்றுதான் பேர் வைத்திருந்தேன்.

அம்மன்கிட்ட கேட்டுவிடலாம் என்றேன். அவள் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் நிலம் விற்றதும் பூக்கட்டித்தான், என் கல்யாணமும் பூக்கட்டித்தான். ஒரு வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு ஏரிப் பக்கம் இருக்கும் சின்ன அம்மன் கோயிலுக்குப் போனோம். பொட்டலங்களை வீட்டிலேயே வெற்றிலையில் மடித்து வாழைநாரால் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மடிக்கும்போது வெள்ளை நந்தியாவட்டையும் பக்கத்தில்தான் இருந்தது. கை அதன்மேல் போகவில்லை. நல்லதற்குத்தானே, அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லிக்கொண்டேன்.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு கற்பூரம் காட்டினார். வீட்டில் சின்னவர்கள் எடுக்க வேண்டும் என்றார். "எங்க வூட்டுக்கு சின்னது நாந்தான்" என்று சிரித்துக்கொண்டே அவள் குனிய முடியாமல் குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

"சரி. வேணான்ட்டா" என்றாள். அவ்வளவுதான்.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விடுவது வழக்கம். நான் கை நீட்டுவதற்குள் பூசாரி அதைக் குங்குமத்தோடு அவள் கையில் கொடுத்துவிட்டார். "நீ செருப்ப எடுத்துகினு வாக்கா, நான் போட்டுட்டு வரேன்" என்று ஏரிக்கரைப் பக்கம் மெல்ல நடந்தாள். ஒரு வேப்பமரம் மறைத்ததால் அவள் போட்டதை நான் பார்க்கவில்லை. வெறுங்கையோடு வந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து அவளுக்குப் பிடித்த வடைகறி செய்தேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாத்திரைகள் ஒன்று ஒன்றாகக் கூடின, பிறகு ஊசி வந்தது. முட்டி வலியால் வேன் படிக்கட்டு ஏற முடியாமல் போக, வேலையை விட்டுவிட்டு என்னோடு அணுபுரத்துக்கே வந்துவிட்டாள். அங்கே ஒரு புதுச் செருப்பு அவள் காலைக் கடித்தது. சர்க்கரையால் உணர்ச்சி போன கால், அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் என் வசவுக்குப் பயந்து ஒரு வாரம் மறைத்தாள். புண் ஆறவில்லை. ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு இன்னொன்றை. நாலு வருடத்தில், முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரைப்பை அறுவை செய்திருந்தால் கால் தப்பியிருக்குமா? யாருக்கும் தெரியாது. செய்திருந்தால் அங்கேயே போயிருப்பாள், நீ காப்பாற்றினாய் என்று என் கணவர் ஆறுதல் சொல்வார். போயிருக்கலாம். இல்லை, இளைத்து, படியேறி, வேனில் பின் சீட்டில் உட்கார்ந்து சிறுசேரிக்குப் போய்க்கொண்டும் இருந்திருக்கலாம். எதுவானாலும் அது அவள் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். ஆபத்தை எடை போட டாக்டர் அவள் கையில் ஒரு தராசைக் கொடுத்தார். நான் ஒரு தட்டில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன்.

காலை எடுக்கப்போகிற அன்று காலையில் நர்ஸ் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். எத்தனையோ ஆயிரம் காகிதம் தட்டச்சு செய்த என்னால் அந்த ஒரு பக்கத்தைப் படிக்க முடியவில்லை. தங்கை கட்டிலில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இதுக்குப் பூ கட்டிப் பாக்கலியா?" என்றாள்.

கேலி மாதிரிதான் கேட்டாள். ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கேதான். ஏரிக்கரையில பிரிச்சிப் பாத்தேன். அதுவும் செவப்பு."

"அப்பறம் ஏண்டி போவல? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாமே."

அவள் போர்வையைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனுக்கும் பயமாத்தான் இருந்துச்சிக்கா. நான் அம்மனையா கேட்டேன்? உன்னத்தான் கேட்டேன். நீ கூட வரேன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். நீ வேணான்ட்ட."

நர்ஸ் கதவருகே நின்று எங்களைப் பார்த்தாள்.

"சும்மா நிக்காத, கையெழுத்து போடுக்கா" என்றாள் தங்கை. "இந்த வாட்டியாவது போடு."

உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.