கண்டல் வேரடியில் ஒரு பெட்டி

யாரோ ஒளித்துவைத்த சின்னப் பெட்டியைக் கைபேசியின் வழிகாட்டலில் தேடிப்பிடித்து, உள்ளேயிருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரும் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். புதிதாகச் சேர்ந்த நான், என்ன கொண்டுபோக வேண்டும், ஆட்கள் பார்த்தால் என்ன செய்வது என்று இணையக் குழுவில் கேட்டேன். பேனா போதும், தொலைபேசியில் பேசுவதுபோல் நடியுங்கள் என்றார்கள்.

அப்படி நடித்தே மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன். கண்டல் மரங்களுக்குள் எட்டிப்பார்க்கும் பெண்ணைப் போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். மூன்றாம் முறை, கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று போனேன்.

தண்ணீருக்குள் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

“என்னத்த புள்ள தேடுறீங்க?”

இம்முறை நடிக்காமல் உள்ளதைச் சொன்னேன்.

“விளையாட்டுக்கா இந்தச் சேத்துக்குள்ள நிக்கிறீங்க?” என்று சிரித்தவள், கரையேறி வந்து தானும் வேர் வேராகத் தடவினாள். கடைசியில் பெட்டி என் கையில்தான் அகப்பட்டது.

உள்ளே தாள் ஈரமாயிருந்ததால் பேனா எழுதவில்லை. பெயரெழுதாவிட்டால் கண்டுபிடித்ததாகாது. விடுவதாயில்லை நான். சைக்கிளை மிதித்துப்போய்ச் சந்திக்கடையில் பென்சில் வாங்கி வந்தேன். ஈரத்தாளிலும் அது நன்றாகவே எழுதியது.

“அக்கா, நீங்களும் எழுதுங்க.”

“நான் கண்டுபிடிக்கல்லயே.”

“தேடினீங்கதானே.”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, என் பெயருக்குக் கீழே தன் பெயரை நிதானமாக எழுதினாள்.