பேட்டரியில் ஓடிய சமையலறை

அலமாரித் தச்சரின் லேப்டாப்பைத் திறந்தால் விசைகளுக்கடியில் சிவப்பும் பச்சையும் மின்னும். வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்த மெஷின் அது. தச்சரோ சீட்டுக்கட்டைக்கூடத் தொடாதவர். நாற்பத்தைந்து வயதில் வீடியோ பார்த்துப் பார்த்து, செய்யப்போகும் சமையலறையை உள்ளே நடந்து பார்ப்பதுபோல் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டார். சாதாரண லேப்டாப் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்ததும் இதைப் பழையதாக வாங்கினார்.

பட்டறையில் சார்ஜரோடு இருக்கும்வரை அது பந்தயக் குதிரை. சமையலறை செய்யச் சொல்லியிருந்த டீச்சரின் புதுவீட்டில்தான் மானம் போனது. அங்கே இன்னும் கரண்ட் வரவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் டீச்சருக்கு, உட்கார்ந்தபடியே பாத்திரம் கழுவும் தொட்டியும் அடுப்பும் எட்டுமா என்று தெரியவேண்டும். தச்சர் படத்தைப் பேட்டரியில் ஓடவிட்டார். படம் ஒரு அடி வைத்தது, நின்றது, திக்கித் திணறி இன்னொரு அடி வைத்தது.

"என்னண்ணே, அலமாரிக்கு மூச்சு வாங்குது?" என்றார் டீச்சரின் தம்பி. "பேசாம கடையில ரெடிமேடா வாங்கிடலாம்க்கா."

கடையில் கிடைப்பதெல்லாம் நின்று சமைப்பவர்களுக்கானது. டீச்சருக்கு அது தெரியும். "ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவ காட்டுங்க," என்றார் தச்சரிடம். "அன்னிக்கும் இப்படின்னா கடைதான். கண்ணால பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்."

பேட்டரிக்கு மாறியதும் மெஷின் தானே சிக்கன நிலைக்குப் போவதைத் தச்சர் கண்டுபிடித்தார். அதை உச்சத்துக்கு ஏற்றினார். ஆறு நிமிடம் பறந்தது. பிறகு கொதித்துப்போய் முன்னைவிட மோசமாக முடங்கியது. சார்ஜர் கொடுக்கிற அளவுக்குப் பேட்டரியால் கொடுக்க முடியாது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும்.

"பட்டினி போட்டுட்டு ஓடு ஓடுன்னா எப்படிங்க ஓடும்?" என்றார் மனைவி.

அதன்பின் எதிர்த்திசையில் போனார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை ஒட்டுப்பலகைத் துண்டில் பென்சிலால் குறித்தார். விசை விளக்குகளை அணைத்தார். நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை புதுப்பித்துக்கொண்டிருந்த திரையை அறுபதுக்கு இறக்கினார். நொடிக்கு முப்பது படம் போதும் என்று கடிவாளம் போட்டார். நடை சீரானது. இழுப்பறைகளுக்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் திக்கியது.

"அதுக்குள்ள அப்படி என்ன இருக்கு?"

"ஸ்க்ரூதான். நானூத்திப் பன்னண்டு."

மனைவி திரையை உற்றுப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மரை சுற்றியிருந்தது. "மூடின இழுப்பறைக்குள்ள மரை யாருக்குங்க தெரியப்போகுது?"

"நிஜத்துல இருக்குமே."

யாரும் பார்க்காத பின்பலகையையும் இழைத்து வழவழப்பாக்குகிற மனிதர். மனசில்லாமல்தான் ஒரு நகல் எடுத்து, அதில் இழுப்பறைகளின் உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துப் போடத் தொடங்கினார்.

"அடுப்புக்குக் கீழ இருக்கறத மட்டும் விட்டுவைங்க," என்றார் மனைவி. "நானா இருந்தா அதத்தான் தெறப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை படம் எண்ணெய் போட்ட சக்கரமாய் உருண்டது. திரைக்குள் டீச்சர் அடுப்புவரை போனார், திரும்பினார், தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"தொட்டிக்குப் பக்கத்து இழுப்பறையத் தெறங்க."

தச்சரின் விரல் ஒரு கணம் தயங்கியது. திறந்தார். உள்ளே வெறும் சாம்பல் நிறம்.

"ஆகா! வெறும் முகப்புதானா?" என்றார் தம்பி.

"ஆமா தம்பி. பேட்டரில ஓடணும்னு நான்தான் காலி பண்ணேன். முழுசா வரைஞ்சது தனியா இருக்கு. அது நடந்து போகாது டீச்சர், ஒரே எடத்துல நின்னு காட்டும்."

முழுப்படத்தைத் திறந்தார். விசிறி இரைந்தது, பேட்டரி கண்ணெதிரே இறங்கியது. கடைசியில் ஒரே ஒரு காட்சி அசையாமல் வந்து நின்றது: தொட்டிக்கடியில் முழங்கால் வைக்கும் இடம், பக்கத்தில் இழுப்பறையின் பலகை.

டீச்சர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது என்ன, முள்ளு மாதிரி?"

ஸ்க்ரூவின் முனை. பதினெட்டு மில்லிமீட்டர் பலகைக்கு, பழக்கதோஷத்தில் இருபத்தைந்து மில்லிமீட்டர் ஸ்க்ரூவை வரைந்திருந்தார். முனைகள் பலகையைத் தாண்டி வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. லேசாக்கிய படத்தில் அவையும் போயிருந்தன. தச்சருக்குக் காது சூடானது.

"என் தப்புதான்."

"கால்ல உணர்ச்சி கம்மி, முட்டி கிழிஞ்சாலும் எனக்குச் சட்டுனு தெரியாது," என்றார் டீச்சர். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "கடையில இத யாருடா எனக்குக் காட்டுவா?"

தம்பி காலடியில் கிடந்த சிமென்ட் துணுக்கை நகர்த்தினார்.

"சின்ன ஸ்க்ரூவாப் போட்டு வேலைய ஆரம்பிங்க."

அதற்குள் திரை அணைந்துவிட்டிருந்தது. தச்சர் லேப்டாப்பை மூடி ஜன்னல் திட்டில் வைத்தார். காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, டீச்சரின் முழங்கால் உயரத்தை டேப்பால் அளந்தார். ஒருமுறை குறித்துவிட்டு, மறுபடியும் அளந்தார்.