பொன்னியாக நடித்த லூர்துமேரி

மரக்காணம் உப்பளத்தில் லூர்துமேரிக்குச் சினிமாக்காரி என்றுதான் பேர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டாலும் விடுவாள், புதுப் படத்தை விடமாட்டாள். கதாநாயகன் யார் என்று கேட்டால் யோசிப்பாள். நடிகை எந்த இடத்தில் எப்படி அழுதாள் என்று கேளுங்கள், சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு எழுந்து நின்று அழுதே காட்டுவாள். கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகை ஒருத்தி, உதடு துடிக்கத் துடிக்கக் கண்ணீரைப் பிடித்துவைத்துத் தாலியைத் தொட்ட பிறகுதான் கொட்டுவாளாம். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே அழுவாளாம். சின்ன வயதில் கொட்டகை மணலில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துப் பார்த்து, அழத் தெரிந்தவள்தான் நடிகை என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். கிளிசரினா நிஜமா என்று கண்ணோரத்தைப் பார்த்தே சொல்வாள். கூட வேலை செய்கிற பெண்களும் அதை அப்படியே நம்புவார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொட்டகையோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது, அவளோடு ஒரே பாத்தியில் வேலை செய்த பொன்னியின் புருஷன் கன்னியப்பன் போய்விட்டான். பொன்னி வானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். காதலித்து எக்கியார்குப்பத்து மீனவர் வீட்டுக்கு வந்தவள். மாமியார் அமராவதிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மறுநாள் சவுக்குத்தோப்பில் உடல் கிடைத்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பொன்னியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பொன்னி மட்டும் அழவில்லை. லூர்துமேரி பக்கத்திலேயே உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து, கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றைப் பாத்திகளிலிருந்து அள்ளும் வேலை நடந்தது. யாரும் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பகல் சோற்றின்போது யாரோ பொன்னி பேச்சை எடுக்க, லூர்துமேரி எழுந்துவிட்டாள். ஒப்பாரி வைப்பவளின் தோளுக்கு மேலே முழிப்பது, அவிழ்ந்த கொண்டையைச் சொருகுவது, கையில் திணித்த டீயை ஊதி ஊதிக் குடிப்பது, எல்லாம் அச்சு அசல் பொன்னி. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் போதையாக இருந்தது.

"நெஞ்சுல இருந்தாத்தானேடி கண்ணுல வரும்" என்று சொல்லி முடித்தாள்.

அந்த வார்த்தை ரெண்டே நாளில் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கருமாதியன்று பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது, அமராவதி அதையே எழுத்துப் பிசகாமல் பொன்னியின் முகத்துக்கு நேரே சொன்னாள். இனி உனக்கு இங்கே என்ன வேலை என்றும் கேட்டாள். பொன்னி ரெண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பந்தலின் ஓரத்தில் இருந்த லூர்துமேரி, நானா போகச் சொன்னேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் அந்தச் சமாதானம் தாங்கியது. 2006இல் திண்டிவனத்தில் ஒரு படம் பார்க்கப் போனாள். குழந்தையைப் பறிகொடுத்த தாயாக ஒரு புது நடிகை. அழவேயில்லை. கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை எடுத்து மடித்துவைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள், அவ்வளவுதான். லூர்துமேரிக்குக் கண்ணெதிரே டீயை ஊதிக் குடித்த பொன்னி வந்து உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுக்காரி, என்ன இவள் அழவே தெரியாதவளாக இருக்கிறாள் என்று உச்சுக்கொட்டினாள். அடிப்பாவி, இதை நான் நேரிலேயே பார்த்தேனே, நடிகை வந்து காட்டினால்தான் எனக்கு உறைக்குமா என்று தன்னைத் தானே வைதுகொண்டு, பாதிப் படத்தில் எழுந்து வெளியே வந்தாள். அவள் பாதியில் விட்ட முதல் படம் அதுதான்.

அடுத்த ஞாயிறு வானூர் பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்துப் பொன்னி வீட்டுக்குப் போய்விட்டாள். பொன்னி வாசலில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். லூர்துமேரி நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த வார்த்தை என்னுடையதுதான், உன் குடும்பத்தைக் கெடுத்தது நான்தான் என்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தாள். பொன்னி திட்டவில்லை.

"தெரியும்க்கா. நீ நடிச்சிக் காட்டினன்னு அப்பவே சொன்னாங்க" என்றாள். கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு தபா காட்டுறியா?" என்று கேட்டாள்.

எதற்கு என்று பொன்னியே சொன்னாள்.

"அன்னிக்கி நடந்தது எதுவுமே ஞாபகம் வரமாட்டேங்குது. அவரு எப்படி இருந்தாரு, நான் இன்னா பண்ணேன், ஒண்ணும் தெரியல. நீதான் பக்கத்துலயே இருந்த."

லூர்துமேரி தரையில் உட்கார்ந்தாள். தோளுக்கு மேலே பார்த்தாள். கொண்டையைச் சொருகினாள். டீயை ஊதினாள். அதோடு கை நின்றுவிட்டது. உப்பளத்தில் அவள் காட்டியது அவ்வளவுதான். பார்த்தது அதற்கு மேல் உண்டு. காட்டினால் சிரிப்பு வராது என்று விட்டுவிட்டாள்.

அன்று பொன்னி செய்த அதையும் இப்போது செய்து காட்டினாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் திரித்து, கன்னியப்பனின் காதில் அடைத்திருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பிறகு மற்றக் காது. பிறகு இமை மயிர். யாரோ கையைப் பிடித்து இழுக்க, விடாமல் மறுபடி குனிந்தாள். செய்யச் செய்ய லூர்துமேரிக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

பொன்னியின் கண்ணில் இப்போதும் ஒரு சொட்டு இல்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பளத்துல இதையும் சேத்துக் காட்டியிருக்கலாமேக்கா" என்றாள்.