அக்காவின் முறை நாள்

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்களுக்கும் என் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். மூன்று நாள் அவர்கள் முறை, மூன்று நாள் எங்கள் முறை. குடிக்க ஒரு குடம் மட்டும் யாரும் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அண்ணன் எனக்கு மூத்தார்; அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். எங்கள் முறை முடிந்த நொடியில் ஓடிவந்து சுவிட்சை அமர்த்துவார். எனக்கும் வாய் நீளம், சும்மா இருந்ததில்லை.

இந்தக் கோடையில் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அதை நினைத்தே பயமாக இருந்தது.

எங்கள் கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டார் கருமாதி முடியும்வரை மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அவர்கள் முறையில் அவர்கள் வயலுக்கு மற்ற வீட்டார்தான் தண்ணீர் பாய்ச்சித் தர வேண்டும். இழவுக்கு வந்தவர்களைக் கவனிக்க என் கணவர் அங்கேயே இருந்துவிட்டார். அதனால் நான் போனேன்.

கிணற்றில் ஒரு வயலுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அக்கா தன் இரண்டு மாடுகளுக்காகப் போட்ட சோளத்தட்டு வாடி நின்றது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் சின்ன வெங்காயம். இன்னும் ஒரு தண்ணீர் கண்டால் காய் பருத்துவிடும். எங்கள் முறை வரும்வரை தாங்காது. இந்த வருடம் நாங்கள் நம்பியிருந்தது அது ஒன்றைத்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு, மடையை எந்தப் பக்கம் வெட்டுவதென்று நின்றேன். பார்க்க யாருமில்லை. ஆசை வந்தது, மறைப்பானேன்?

அப்போது மூத்தார் வரப்பில் வந்தார். மண்வெட்டிக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"உங்க பக்கமே திருப்பிக்கோ அம்மிணி. மாட்டை வித்துப்போடலாம்னு இருக்கறேன். அவ இல்லாம ஆரு பால் கறக்கறது?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"இது அக்கா முறைங்க மாமா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சோளத்தட்டின் பக்கம் மடையை வெட்டிவிட்டேன். கிணறு வற்றி மோட்டார் காற்று இழுக்கும்வரை தண்ணீர் அங்கேதான் போனது. மண் நனைந்த வாசனை வந்ததும் எனக்கு அழுகை பீறிட்டது.

என் கணவர் வந்து பார்த்தார், திட்டவில்லை. காய் பருக்காமலே வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. கருமாதி கழிந்த வாரம் மாடுகளை வாங்கியவர்கள் ஓட்டிப்போனார்கள். அக்காவின் சோளத்தட்டு மட்டும் இடுப்புயரம் பச்சையாக நின்றது, மேய ஒரு வாயில்லாமல்.