டம்ளரில் ஆற்றிய ஒயின்

மகள் சொல்லாமல் செய்துகொண்ட பதிவுத் திருமணத்தில் ஒரு குறையும் கிடையாது. சான்றிதழை நானே வரிவரியாகப் பார்த்தேன். தாலுகா ஆபீசில் தலை நரைத்தவன் சொல்கிறேன், அவ்வளவு ஒழுங்கான காகிதம் எங்கள் ஆபீசிலிருந்துகூட வெளியே போனதில்லை. என் மனைவிக்கு அது போதவில்லை. போர்ச்சுகல்கார மாப்பிள்ளை அரியலூருக்கு வந்து மூன்று நாளாகிறது. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. மறுநாள் அவர்களுக்கு ரயில்.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. வேப்பிலைகளில் படிந்திருந்த சிமெண்டுத் தூசி கழுவிப்போய், கொல்லையே யாரோ புதிதாக நினைத்துப் பார்த்ததுபோல் இருந்தது. மாப்பிள்ளை பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆள் இரண்டு லிட்டர்வரை கொண்டுவரலாம். விதி மீறல் இல்லை.

"அவங்க அப்பாவோட மலைச்சரிவுத் தோட்டத்துப் பழம்ப்பா," என்றாள் மகள். "மூணு விதத் திராட்சை கலந்தது. அங்க சாதாரண விலைதான், கூலிக்குப் போறவங்களும் வாங்குவாங்க."

தக்கையைத் திறக்கும் கருவி எங்கள் வீட்டில் ஏது? கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினோம்.

"உடனே குடிச்சா கரகரங்குமாம். அரை மணி நேரம் காத்துப்படணுமாம்."

"ஈ மொய்க்கவா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். டம்ளரில் ஊற்றி, காப்பி ஆற்றுவதுபோல் கையை உயர்த்தி, இந்த டம்ளருக்கும் அந்த டம்ளருக்குமாக ஆற்றத் தொடங்கினாள். சிவப்பு நாடா ஒன்று வெயிலில் எழுந்து விழுந்தது. நாவல்பழமும் நனைந்த கல்லும் கலந்த வாசனை. நான் அந்த மலைச்சரிவில் நின்றுகொண்டிருப்பதாக ஒரு கணம் நினைத்தேன்.

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"கரகரப்பு போயி நல்லா இளகிடுச்சாம், அம்மா. நீ ஆத்தின விதத்தை அவங்க அம்மாவுக்குக் காட்டணுமாம்."

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன எரு போடறாங்களாம்?"

"உரமே கிடையாது. குளிர்காலத்துல கொடிக்கு நடுவுல ஆட்டை ஓட்டிவிடுவாங்க."

"ராத்திரியும் அங்கயே அடைச்சு வப்பாங்களா? எருவுக்குக் கிடை போடற மாதிரி?"

மகள் விழித்தாள். கிடைக்கு அவளிடம் இங்கிலீஷ் இல்லை. "ஏண்டி, இது தெரியாமத்தான் சீமைக்குப் போனியா?" என்றுவிட்டு மனைவி நேராக அவர் பக்கம் திரும்பினாள். தரையில் விரலால் பட்டி வரைந்து, அதை நகர்த்தி நகர்த்தி, சுத்தத் தமிழில் விளக்கினாள். அவர் தலையாட்டி, தம் மொழியில் பதில் சொல்லி, அவள் வரைந்ததற்குப் பக்கத்தில் ஒரு சரிவு வரைந்தார். இருவருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஒருவரும் நிறுத்தவில்லை. எனக்கோ, அந்த ஆடுகள் மலையிறங்கி எங்கள் ஈரக் கொல்லை வழியாக மெதுவாகப் போவதுபோல் இருந்தது.

"பெரம்பலூர்ல எங்கண்ணன் காட்டுல இப்ப கிடை போட்டிருக்கு," என்றாள் என்னிடம். "மாப்பிள்ளை பாத்துட்டுப் போகட்டும். ரயில நாளன்னைக்கு மாத்துங்க."

அந்த டிக்கெட்டை மாற்ற முடியாது, ரத்துதான் செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, புது டிக்கெட் போட மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.