காலிதீன் காக்கா கொடுத்த ஓலை

காலிதீன் காக்காவை நல்ல மனுசன் என்று ஊரே சொல்லும். நானும் சொல்வேன், ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கல்முனையில் அவரைப்போல் தென்னை ஏறுகிறவர் இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவருடைய வளவில் பதினொரு தென்னைகளைத்தான் மிச்சம் வைத்தது. அந்த வளவையும் வீட்டையும் மகள் நதீராவுக்குச் சீதனமாகக் கொடுப்பதாகப் பேசிக் கலியாணம் முற்றாகியிருந்தது.

மறு வருடம் கீழோலைகள் மஞ்சளித்து நுனி கருகின. குரும்பட்டிகள் பிஞ்சிலேயே கொட்டின. நான் விவசாயக் கந்தோரில் வேலை. ஓலையைச் சோதித்தால் மரத்துக்கு எந்தச் சத்துக் குறைவு என்று தெரியும், பொட்டாசியமா மக்னீசியமா என்று பார்த்துப் பசளை எழுதலாம் என்றேன். உச்சியில் விரிந்த முதல் ஓலையிலிருந்து எண்ணி, பதினான்காவது ஓலையின் நடுவிலுள்ள இலைகளை வெட்டித் தரச் சொன்னேன். கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: ஒரு குறையும் இல்லை.

கடிதத்தோடு வளவுக்குப் போனால், மரங்கள் முன்னையைவிட மஞ்சளாக நின்றன. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அது பக்கத்து ஊரான சொறிக்கல்முனையில் அவர் தேங்காய் பறிக்கும் செல்லத்தம்பியின் தோட்டத்து ஓலையாம். மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது சித்தப்பா, எங்கள் கந்தோரில் பியூன்; வருகிற கடிதமெல்லாம் அவர் கையால்தான் வரும்.

“புள்ளைக்கிக் குடுக்கிற வளவு நோயெண்டு தெரிஞ்சா கலியாணம் நடக்குமா தம்பி?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று ஏசினேன். கலியாணம் முடியட்டும், சரியான ஓலை தருகிறேன் என்றார். முடிந்தது. பிறகு, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த புதிதில் வேண்டாம் என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

ஒருநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வரும்போது கண்டேன். ஊரார் மரங்களில் ஏறிக் கூலியாக வாங்கிய தேங்காய்களை மகளின் மரங்களுக்கடியில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். மருமகன் மீராசா எழும்பி, மரத்திலிருந்து விழுந்ததென்று பொறுக்குவானாம். அவன் அக்கரைப்பற்றில் புடைவைக் கடை வைத்திருப்பவன், அண்ணாந்து பார்க்கிற பழக்கம் இல்லை. அறுபது வயதில் காக்கா முன்னையைவிட அதிக மரம் ஏறினார். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பத்தொன்றாம் ஆண்டு மாரி மழையில், ஊரார் ஒருவரின் ஈர மரத்தில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்து.

நான்காம் நாள் அவர் வீட்டில் இருந்தேன். மீராசா வஞ்சகமில்லாதவன். மனம் நொந்துதான் சொன்னான்:

“மாமா மௌத்தாகி மூணு நாளா ஒரு தேங்காயும் விழல்ல. மரத்துக்கும் தெரியும் போல.”

உள்ளே இருந்த நதீராவுக்கு அது கேட்டது. எழுந்து வளவுக்குப் போனாள். பதினொரு மரங்களையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள். எதிலும் காய் இல்லை. கடைசி மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“வாப்பா செஞ்சது உங்களுக்கு முந்தியே தெரியுமா?”

ஓம் என்றேன்.